ஒரு விசையும் நாற்பத்து மூன்று சொற்களும்

மைசூரு மானசகங்கோத்திரி வளாகத்தில் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருக்கும் தமிழ் மாணவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கைப்பேசியைக் காண்பவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இது இன்னும் வேலை செய்கிறதா?" பிளாக்பெர்ரி கீ2 என்னும் அந்தக் கருவி இந்தியாவில் 2018 ஜூலையில் 42,990 ரூபாய் விலையில் அறிமுகமானது. அவர் அதை வாங்கியது இரண்டாம் கையாக. விலையும் அதில் பாதிக்குக் கீழே. கருவியின் மேற்பகுதி திரை. கீழ்ப்பகுதியில் நான்கு வரிசையாக விசைகள். அந்த விசைகளுக்காகவே அவர் அதை இத்தனை ஆண்டுகளாகக் கைவிடவில்லை.

2022 ஜனவரி 4 அன்று அவருக்குத் துக்கம் விசாரிப்பதுபோலப் பல அழைப்புகள் வந்தன. பிளாக்பெர்ரி நிறுவனம் தன் பழைய இயங்குதளங்களுக்கான சேவையை அன்றோடு நிறுத்திக்கொண்டது. பிளாக்பெர்ரி 7.1, அதற்கு முந்தைய பதிப்புகள், பிளாக்பெர்ரி 10 ஆகியவற்றில் இயங்கிய கருவிகளில் அழைப்பும் குறுஞ்செய்தியும்கூட நம்பகமாக இயங்கா என்று அறிவிக்கப்பட்டிருந்தது. துக்கம் விசாரித்தவர்களின் அழைப்புகள் எல்லாம் அந்தக் கருவிக்கே வந்து சேர்ந்தன. அதிலேயே அவர் பதிலும் சொன்னார். கீ2 ஆண்ட்ராய்டில் இயங்குவது. எனவே அந்த அறிவிப்பு அதைத் தொடவில்லை. ஆயினும் அது நோயற்ற கருவியும் அன்று. ஆண்ட்ராய்டு 8.1 பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. அதைத் தயாரித்த டிசிஎல் நிறுவனம் 2020 ஆகஸ்டு 31 உடன் விற்பனையை நிறுத்தி, 2022 ஆகஸ்டு 31 வரை ஆதரவு தருவதாகச் சொன்னது. அந்த நாளும் கடந்து போயிற்று.

இவ்வளவும் அறிந்த ஒருவர் ஏன் அதையே வைத்திருக்கிறார் என்பதற்குப் பழமைமீதான பற்று என்று எளிதில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அவர் ஆய்வின் இயல்பைப் பார்த்தால் வேறொரு காரணம் புலப்படும்.

அவருடைய ஆய்வு, மைசூரில் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சுமொழி பற்றியது. களப்பணிக்குச் செல்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. ஒலிப்பதிவு செய்யலாம்; ஆனால் பதிவுக்கருவியைக் கண்டதும் பலர் பேச்சைத் திருத்திக்கொள்கின்றனர், சிலர் பேசவே மறுக்கின்றனர். குறிப்பேட்டில் எழுதலாம், எழுதும்போது தலை குனிகிறது. கண்ணாடித் திரையில் தட்டலாம். அப்போதும் தலை குனிகிறது, ஏனெனில் வழவழப்பான கண்ணாடியில் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பதைக் கண்தான் காட்ட வேண்டும். மூன்றிலும் பேசுபவர் தனித்து விடப்படுகிறார். முகம் பார்க்கும் ஒருவர் எதிரில் இருந்தால்தான் பேச்சு பேச்சாக இருக்கும்.

விசைப்பலகையில் இந்த இடர் இல்லை. ஒவ்வொரு விசைக்கும் அடியில் மெல்லிய உலோகக் குமிழ் ஒன்று இருக்கிறது. அழுத்தும்போது அது சட்டென்று உள்வாங்கி மின்தொடர்பை உண்டாக்கி, விட்டதும் மேலெழுகிறது. எழுத்து பதிந்ததை அந்தச் சிறு துடிப்பிலேயே கட்டைவிரல் அறிந்துகொள்ளும். விசைகளின் முகம் சற்றே சாய்வாகச் செதுக்கப்பட்டிருக்கும். வரிசைகளுக்கிடையே மெல்லிய உலோகக் கம்பி ஓடும். வரிசை மாறுவதை விரல் இவற்றால் தெரிந்துகொள்கிறது. சில மாதப் பழக்கத்தில் கண்ணின் துணை தேவைப்படுவதில்லை. அந்த ஆய்வாளர் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தபடி, 'உம்' கொட்டியபடி, மடியில் இருக்கும் கருவியில் இரு கட்டைவிரல்களால் எழுதிக்கொண்டே இருப்பார். பேசுபவர் சிறிது நேரத்தில் அதை மறந்துவிடுவார்.

கட்டைவிரலால் எழுதலாம் என்பது ஒரு காலத்தில் புதுமையான கருத்து. 1984இல் கனடாவின் வாட்டர்லூ நகரில் மைக் லாசரிடிஸ், டக்ளஸ் ஃப்ரெகின் ஆகியோர் தொடங்கிய ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம், 1999இல் பிளாக்பெர்ரி 850 என்னும் சிறு கருவியை வெளியிட்டது. தட்டச்சுப் பொறியில் பத்து விரல்கள் செய்த வேலையை அது இரண்டு விரல்களிடம் ஒப்படைத்தது. இந்தியாவில் அது முதலில் அலுவலர்களின் கருவியாக இருந்து, 2010ஆம் ஆண்டளவில் இளைஞர் கைக்கும் வந்தது. அதன் மறைக்குறியிடப்பட்ட செய்திகளைப் பாதுகாப்பு அமைப்புகள் படிக்க வழி வேண்டும் என்று இந்திய அரசு கெடு விதித்ததும் அதே ஆண்டில்தான். பின்னர்த் தொடுதிரைக் கருவிகள் சந்தையைக் கைப்பற்றின. நிறுவனம் கைப்பேசித் தயாரிப்பிலிருந்து விலகி, பெயரை மட்டும் பிறருக்கு உரிமமாக வழங்கியது. இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம் ஆகிய நாடுகளுக்கான உரிமம் 2017இல் ஆப்டிமஸ் என்னும் இந்திய நிறுவனத்துக்குக் கிடைத்தது.

இந்த வரலாற்றில் தமிழுக்கு இடமில்லை என்பதைத் தமிழ் மாணவர் எவரும் விசைகளைப் பார்த்ததும் உணர்வார். அவற்றில் பொறிக்கப்பட்டிருப்பவை இருபத்தாறு இலத்தீன் எழுத்துகள். தமிழுக்கு 247 எழுத்துகள். இந்த இடைவெளியைக் கடக்கும் முயற்சி கைப்பேசிக்கு மிகவும் முந்தையது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தபோது எதிர்கொண்டதும் இதே இடைவெளிதான். தமிழ்த் தட்டச்சில் புள்ளி போன்ற குறிகளுக்குத் தாள் நகராமல் அடிக்கும் நகரா விசைகள் வந்தன. கணினிக் காலத்தில், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்துத் தமிழ்99 என்னும் விசைப்பலகை தரமாயிற்று. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என முப்பத்தொரு விசைகள் போதும். உயிர்மெய்களைக் கணினியே கூட்டிக்கொள்ளும் என்பது அதன் அழகு.

ஆனால் முப்பத்தொன்று இருபத்தாறில் அடங்காது. மேசைக் கணினியின் பலகையில் இலத்தீன் எழுத்துகளுக்கு அப்பால் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு ஆகியவற்றின் விசைகளும் இருப்பதால் தமிழ்99 அவற்றையும் எடுத்துக்கொண்டது. ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஐந்து எழுத்துகள் அங்கே அமர்ந்தன. கட்டைவிரல் பலகையில் அந்த ஐந்து விசைகள் இல்லை. ஆகவே அதில் தமிழ்99 முறையில் 'தமிழ்' என்ற சொல்லையே தனி விசைகளால் எழுதி முடிக்க இயலாது. தமி வரை வந்து நின்றுவிடும்.

அந்த ஆய்வாளர் இதற்கு மொழியியலாரின் வழக்கத்தையே கைக்கொண்டார். களத்தில் தமிழ் எழுத்திலன்றி ஒலிகளை இலத்தீன் எழுத்துகளில் குறித்துக்கொள்வார். மாலையில் அறைக்குத் திரும்பிக் கணினியில் தமிழாக்குவார். சிறிய 'எல்' லகரம், பெரிய 'எல்' ளகரம், 'இசட்' ழகரம். கருவியில் சொற்சுருக்கங்களை முன்கூட்டியே பதிந்துவைக்கும் வசதியும் உண்டு. இரண்டு எழுத்து தட்டினால் பேசுபவரின் வயது, ஊர், தலைமுறை ஆகிய தலைப்புகள் விரியும்படி அமைத்திருந்தார்.

ல, ள, ழ ஆகிய மூன்றுக்கும் அவர் இவ்வளவு கவனம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. மைசூரில் வாழும் தமிழைச் சுற்றி நாளெல்லாம் ஒலிப்பது கன்னடம். கன்னடத்திலும் ஒரு காலத்தில் ழகரம் இருந்தது. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் அதற்குத் தனியெழுத்தே உண்டு. இடைக்காலத்தில் அது பெரும்பாலும் ளகரத்தோடு கலந்து மறைந்தது. தமிழில் மழை, கன்னடத்தில் மளெ, தமிழில் கோழி, அங்கே கோளி, ஏழு, ஏளு, வாழை, பாளெ, புழு, ஹுளு. 13ஆம் நூற்றாண்டில் சப்தமணிதர்ப்பணம் என்னும் இலக்கணத்தை எழுதிய கேசிராஜர், எந்தெந்தச் சொற்களில் ழகரம் வரும் என்று தனியே பட்டியலிட்டார். பேச்சில் வேறுபாடு உயிரோடு இருந்திருந்தால் அத்தகைய பட்டியலுக்குத் தேவை எழுந்திராது. அந்த எழுத்துக்கு ஒருங்குறியிலும் ஒரு விபத்து நேர்ந்தது. அதற்குத் தவறுதலாகக் 'கன்னட எழுத்து ஃபா' என்று பெயரிட்டுவிட்டனர். ஒருங்குறியில் ஒருமுறை இட்ட பெயரை மாற்றக்கூடாது என்பது விதி. எனவே சரியான பெயரைத் துணைப்பெயராக மட்டுமே சேர்க்க முடிந்தது. ஏற்கெனவே மறைந்த எழுத்து, தன் பெயரையும் இழந்தது.

தமிழிலும் எல்லா வட்டாரமும் ழகரத்தைக் காப்பதில்லை. தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் அது ளகரமாக ஒலிக்கிறது. சென்னைப் பேச்சில் யகரமாகிறது. ஆகவே மைசூரில் ஒருவர் 'மளை' என்றால் அது கன்னடத்தின் சாயலா, மூதாதையரின் வட்டார வழக்கா என்பதைப் பிரித்தறிய வேண்டும். அவருடைய ஆய்வின் ஓர் இயல் முழுவதும் இந்தக் கேள்விமீதே நிற்கிறது.

தேவராஜ மார்க்கெட்டில் பூ விற்ற ஒரு மூதாட்டி அந்த இயலின் முதன்மைத் தகவலாளர். எண்பதை நெருங்கியவர். மைசூரு மல்லிகையைத் தொடுத்து விற்றே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். இப்போது மகன் கடையைப் பார்க்கிறார். அவர் பிற்பகலில் வந்து, ஓரமாக அமர்ந்து பூக்கட்டிக்கொண்டிருப்பார். பதிவுக்கருவியை முதல் நாளே மறுத்துவிட்டார். "என் கொரலு செத்த பொறகும் பேசிக்கிட்டிருக்கணுமா தம்பி? வேணாம்," என்றார். எழுதிக்கொள்ள மட்டும் இசைந்தார். கைப்பேசியின் விசைகளைத் தொட்டுப் பார்த்து, "கடுகு கொட்டி வெச்ச மாதிரி இருக்குது," என்று சிரித்தார்.

பூ விற்பவரின் அன்றாட அளவுச்சொல்லிலேயே ஆய்வுப் பொருள் இருந்தது. தமிழில் முழம், கன்னடத்தில் மொள. கன்னட வாடிக்கையாளரிடம் அவர் மொள என்றார். தமிழரிடம் சிலபோது முளம், சிலபோது முழம். எப்போது எது என்பதற்கு ஓர் ஒழுங்கு இருப்பதாக ஆய்வாளருக்குப் பட்டது. அதைப் பிடிக்கவே வாரம் ஒருமுறை சென்றார்.

அவர் எதிர்பார்த்திருந்த உரையாடல் ஒரு ஜூன் மாதப் பிற்பகலில் வாய்த்தது. வெளியே மழை. வாடிக்கையாளர் இல்லை. மூதாட்டி தம் தாயைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சேலம் பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு மைசூருக்கு வந்த தாய்; மழையில் பூ அழுகிப்போன ஓர் ஆண்டில் வாழைநாரை விற்றுக் கஞ்சி காய்ச்சிய தாய். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் நிறுத்தவே இல்லை. ஆய்வாளர் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். அப்போது அவர் காதில் ஒன்று விழுந்தது. தம் சொல்லாகப் பேசும்போது 'மளை' என்ற மூதாட்டி, தாய் சொன்னதை எடுத்துச் சொல்லும் இடங்களில் 'மழை' என்றார். தாயின் சொற்களில் மட்டும் ழகரம் வந்தது. ஆறு மாதமாகத் தேடிய ஒழுங்கு அதுதான் எனத் தோன்றியது.

அந்த நேரத்தில் 'இசட்' விசை செத்தது.

கட்டைவிரல் அழுத்தியது, குமிழ் துடிக்கவில்லை. மீண்டும் அழுத்தினார், எழுத்து விழவில்லை. சில நாள்களாகவே அந்த விசை இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் பதிந்தது. மழைக்காலத்து ஈரம் என்று அவர் பொருட்படுத்தவில்லை. பையில் பேனா இருந்தது. எடுக்கக் குனிந்தால் மூதாட்டி பேச்சை நிறுத்துவார். தாயைப் பற்றிய அந்தப் பேச்சு மறுபடி இப்படி வருமா என்பது ஐயம். அவர் ழகரம் வந்த இடத்திலும் பெரிய 'எல்' எழுதினார். மாலையில் நினைவைக்கொண்டு திருத்திக்கொள்ளலாம் என்று எண்ணினார்.

மாலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையைக் கடந்து விடுதிக்கு நடக்கும்போதே சிலவற்றை மனத்தில் சொல்லிப் பார்த்தார். அறையில் கணினியைத் திறந்ததும் நிலைமை தெரிந்தது. ழகரமோ ளகரமோ வந்திருக்கக்கூடிய சொற்கள் நாற்பத்து மூன்று. எல்லாவற்றிலும் ஒரே எழுத்து. ஐந்தாறு இடங்களில் மூதாட்டியின் குரல் இன்னும் காதில் இருந்தது. மற்றவற்றில் அவர் நினைவுகூர்ந்தது கேட்டதையா, கேட்க விரும்பியதையா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. கன்னடத்தில் சில நூற்றாண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் அவர் குறிப்பில் ஒரு மணி நேரத்தில் நிகழ்ந்துவிட்டது.

நெறியாளர் கேட்ட முதல் கேள்வி: "எக்ஸ் என்று போட்டிருக்கலாமே? பக்கத்து விசைதானே?" மறுக்க முடியாத கேள்வி. அவசரத்தில் கை தேடியது அருகிலிருந்த விசையை அன்று, அருகிலிருந்த ஒலியை. மொழி மாறுவதும் ஏறக்குறைய அப்படித்தான் என்பது அவருக்குப் பின்னர்த்தான் உறைத்தது. அன்று தலை குனிந்து நின்றார்.

அடுத்த வாரம் அவர் நாற்பத்து மூன்று சொற்களின் பட்டியலோடு மூதாட்டியிடம் சென்றார். ஒவ்வொன்றாகக் கேட்டார். மழை என்றார் மூதாட்டி, வாழை என்றார், கோழி, கிழங்கு, பழசு. நாற்பத்து மூன்றும் தெளிவான ழகரங்கள், நாக்கை நன்றாக வளைத்து. மூன்றாம் வகுப்புவரை தமிழ் படித்தவர். வாத்தியாருக்கு ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார். பட்டியல் முடிந்ததும் முகத்தைப் பார்த்து, "ஏன் தம்பி, அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிப்புட்டனா?" என்று கேட்டார்.

"இல்லைங்க பாட்டி. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"அப்ப சரி," என்று பூவைத் தொடுத்தார். ஆனால் அன்று முழுவதும் அவர் பேச்சில் ழகரம் கவனத்தோடு வந்தது. வழக்கமான பேச்சு திரும்பச் சில வாரங்கள் ஆயின. வில்லியம் லபோவ் சுட்டிய முரண் இதுவே: கவனிக்கப்படாதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அறிய வேண்டும், அதை அறியக் கவனிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பாடநூலில் படித்துத் தேர்வில் எழுதிய முரணை அவர் அன்று தம் கையால் உண்டாக்கினார்.

கருவியைச் செப்பனிடுவது வேறொரு கதை. தேவராஜ அரசு சாலையை ஒட்டிய சந்தில் கைப்பேசி பழுதுபார்ப்பவர் ஒருவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "பார்ட் சிகல்ல சார்," என்றார். உதிரிப்பாகம் கிடைக்காது. ஸ்பிரிட்டால் துடைத்துப் பார்த்தார். இரண்டு நாள் உயிர்த்து மறுபடி அடங்கியது. பின்னர்ப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் சொல்லிவைத்து, திரை உடைந்த இன்னொரு கீ2வை வரவழைத்து, அதன் விசைப்பலகையை இதற்கு மாற்றினார். மூன்று வாரங்கள் ஆயின. அந்த மூன்று வாரமும் ஆய்வாளர் ழகரத்துக்கு 'எக்ஸ்' எழுதினார். விரல் பழகவே இல்லை. ஒவ்வொரு ழகரத்திலும் கட்டைவிரல் முதலில் செத்த விசைக்குச் சென்று, பிறகே பக்கத்துக்கு நகர்ந்தது.

இத்தனைக்குப் பிறகும் அந்தக் கருவி ஏன் என்று நண்பர்கள் கேட்டார்கள். கண்ணாடித் திரையில் தனியொரு விசை சாவதில்லை என்பது உண்மை. அதை அவர் மறுக்கவில்லை. ஊரிலிருந்து அம்மாவும் கேட்டார். ஈரோடு மாவட்டத்துத் தாளவாடியில் இருக்கும் அவர் தொலைபேசியில், "ஏஞ்சாமி, ஊருல ஆடு மேய்க்கற பையங்கூட நல்ல போனு வெச்சிருக்கறான். உனக்கு வர்ற பணத்துல ஒண்ணு வாங்கிக்கப்படாதா?" என்றார்.

"படிப்பு முடியட்டுங்கம்மா."

அதற்குள் வங்கிச் செயலி முந்திக்கொண்டது. ஒரு நாள் காலை அது, இந்த ஆண்ட்ராய்டு பதிப்பில் இனி இயங்காது என்ற அறிவிப்போடு நின்றது. விடுதிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் அது. அவர் வங்கிக் கிளையில் வரிசையில் நின்று பணம் கட்டினார். கோபம் வந்தது, ஆயினும் வரிசையில் நின்றபடி யோசித்தபோது செயலியின் பக்கம் நியாயம் இருப்பதும் தெரிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கருவியில் ஒருவர் தம் பணத்தை வைத்திருப்பது துணிவன்று, கவனக்குறைவு. கள ஆய்வாளருக்கு அதைவிடப் பெரிய பொறுப்பும் உண்டு. அதில் இருப்பவை அவருடைய சொற்கள் மட்டுமல்ல. பிறர் நம்பிச் சொன்ன குடும்பக் கதைகளும் இருந்தன. குரலைத் தர மறுத்த மூதாட்டி சொற்களைத் தந்தது, அவை பத்திரமாக இருக்கும் என்று எண்ணித்தான்.

அவர் எடுத்த முடிவு வீரமானதும் அன்று, தோல்வியும் அன்று. விலை குறைந்த புதிய கைப்பேசி ஒன்றை வாங்கினார். வங்கியும் அடையாளச் சான்றும் அதற்குச் சென்றன. பெரும்பாலும் அது அறையிலேயே கிடக்கிறது. அழைப்பும் செய்தியும் களக்குறிப்பும் கீ2விலேயே நீடிக்கின்றன. அதில் தகவலாளர் பெயர்கள் இல்லை, எண்கள் மட்டுமே. பெயர்ப்பட்டியல் ஒரு நோட்டுப் புத்தகத்தில், பூட்டிய அலமாரியில் இருக்கிறது. குறிப்புகள் ஒவ்வொரு மாலையும் கணினிக்கு மாற்றப்பட்டுக் கருவியிலிருந்து அழிக்கப்படுகின்றன. எந்த விசை செத்தால் எந்தக் குறியைப் பயன்படுத்துவது என்ற சிறு அட்டவணை ஒன்றும் அந்த நோட்டின் பின்னட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறது. களத்துக்குப் போகும் இளைய மாணவர்களுக்கு அவர் முதலில் காட்டுவது அந்த அட்டவணையைத்தான். கருவி எதுவானாலும் அது எந்த எழுத்தில் கைவிடும் என்பதை முன்பே எண்ணிவைக்க வேண்டும் என்கிறார். பேனாவாக இருந்தால் மை. பதிவுக்கருவியாக இருந்தால் மின்கலம். நினைவாக இருந்தால் ஆசை.

விசையுள்ள கைப்பேசிகள் முற்றாக ஒழிந்துவிடவில்லை. யூனிஹெர்ட்ஸ் நிறுவனத்தின் டைட்டன் வரிசை வந்தது. 2024இல் ஐபோனுக்கு மாட்டும் கிளிக்ஸ் என்னும் விசைப்பலகை உறையும் வந்தது. ஆனால் அந்த ஆய்வாளர் அவற்றைத் தேடவில்லை. இருக்கும் கருவி ஆய்வேடு முடியும்வரை தாங்கினால் போதும் என்பதே அவர் கணக்கு.

நாற்பத்து மூன்று சொற்களும் ஆய்வேட்டில் சேரவில்லை. அந்த நாளின் குறிப்பு பயன்படுத்தப்படவில்லை என்பதும், ஏன் என்பதும் அடிக்குறிப்பாக நான்கு வரிகளில் எழுதப்பட்டுள்ளன. விசை பழுதானதை அப்படியே எழுதுவது நகைப்புக்கு இடமாகுமோ என்று அவர் தயங்கினார். எழுதத்தான் வேண்டும் என்றார் நெறியாளர். பயன்படாத தரவுக்கும் காரணம் தரப்பட வேண்டும். இல்லாவிட்டால் பயன்பட்ட தரவை எவரும் நம்ப மாட்டார்கள்.

விசைப்பலகை மாற்றியபின் அவர் பலமுறை தேவராஜ மார்க்கெட்டுக்குச் சென்றார். தாயைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் அது மறுபடி ஒப்புவித்தலாகிவிடும். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், பூ விலை ஏறியிருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மூதாட்டி தாமாகவே சொன்னார்: "இந்த வெலைக்கி எங்கம்மா இருந்திருந்தா, முழம் போட்டது போதும், எழுந்து வா, வாழ வழியாயில்லேன்னு திட்டியிருப்பா. நான்தான் இன்னும் மொளம் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

தாயின் வாக்கில் நான்கு ழகரங்கள். மகளின் வாக்கில் ஒரு ளகரம். 'இசட்' விசை நான்கு முறையும் துடித்தது. ஆய்வாளர் முகத்தை நிமிர்த்தியபடியே இருந்தார். ஓர் இயலை நிறுவ ஒரு வாக்கியம் போதாது என்பது அவருக்குத் தெரியும். அந்த இயலின் கேள்வியை உயிரோடு வைத்திருக்க அது போதும். மூதாட்டி ஒரு முழம் மல்லிகையை அளந்து, தாளில் சுற்றி, "அம்மா வந்தா குடு தம்பி," என்று நீட்டினார்.